கடுகு நத்தையும் எங்க ஊர்க் கிணறும்

"உங்களுக்கு எந்த ஊருங்க?" என்று யாராவது கேட்டால் கொஞ்சம் தயங்கித்தான் சொல்வேன். "நெருப்பெரிச்சல்" என்றதும் எதிராளியின் முகத்தில் லேசாக ஒரு பரிதாபம் வரும். ஒருமுறை ரயிலில் எதிர் ஸீட்காரர், நான் ஏதோ உடம்புக்குச் சொல்கிறேன் என்று நினைத்து ஜெலுசில் மாத்திரையை எடுத்து நீட்டியே விட்டார்.

ஊர்தாங்க அது. திருப்பூருக்கு வடக்கே, இப்போது மாநகராட்சிக்குள்ளேயே வந்துவிட்டது. சோளக்காடாக இருந்த இடமெல்லாம் பனியன் கம்பெனி. பேரில்தான் நெருப்பு, எங்களுக்கு எரிச்சல் முழுக்கத் தண்ணியால்தான்.

எங்கள் தோட்டத்தில் ஒரு கிணறு. அப்பாரு காலத்தில் பாறையை உடைத்து வெட்டியது. அறுபது அடி. பக்கத்தில் ஆயிரம் அடிக்கு போர் போட ஆரம்பித்த பிறகு அடியில் ஒரு ஆள் உயரத்துக்குத்தான் தண்ணி. தம்பிக்கு அதை மூடிவிட்டு குடோன் கட்டணும். "கட்டட இடிசல் லோடு ஃப்ரீயாவே கெடைக்குதுண்ணா. ஒரே வாரத்துல தரையாயிரும். மாசாமாசம் வாடகை!" என்றான். கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஊருக்குப் போய் வந்து கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் அஸ்ஸாமுக்குக் கிளம்பினேன்.

அஸ்ஸாமா என்று வாயைப் பிளக்காதீர்கள். எங்கள் கம்பெனியில் தைக்கிற பையன்களில் பாதிப்பேர் அந்தப் பக்கம்தான். அதில் ஒருத்தன் கல்யாணத்துக்குக் கட்டாயம் வரணும் என்று ஒற்றைக் காலில் நின்றான். விவேக் எக்ஸ்பிரஸ் என்று ஒரு வண்டி. கன்னியாகுமரியிலிருந்து திப்ருகர் வரை நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. ஏறி உட்கார்ந்தால் நாம் தாடி வளர்ப்பதை நாமே வேடிக்கை பார்க்கலாம்.

கல்யாணம் முடிந்து இரண்டு நாள் லீவு மிச்சம் இருந்தது. ஷில்லாங் போய், அங்கிருந்து சிரபுஞ்சி. உள்ளூர்க்காரர்கள் சோரா என்கிறார்கள். வருஷத்துக்குச் சராசரி 11,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. எங்க ஊரில் 700-ஐத் தொட்டாலே கோயிலில் பொங்கல் வைப்போம். மனசுக்குள் பொறாமை பொங்க, பக்கத்திலிருந்த மௌஸ்மாய் குகைக்குள் நுழைந்தேன்.

சுண்ணாம்புப் பாறையை மழைத்தண்ணி கரைத்துக் கரைத்து உண்டான குகை. டூரிஸ்டுகளுக்கு விட்டிருப்பது 150 மீட்டர்தான். லைட் எல்லாம் போட்டிருக்கிறார்கள். ஆனாலும் ஓரிடத்தில் பாறை இடுக்கு, என் தொப்பையின் அளவு கேட்காமலே அமைந்திருந்தது. "ஐயோ, மாட்டிக்கிட்டேனே!" என்று தாய்மொழியில் அலறினேன்.

"மூச்ச வெளிய விட்டுட்டு சைடா வாங்கண்ணே!" என்று பதில் வந்தது. தமிழில்!

பார்த்தால், தலையில் டார்ச் கட்டிக்கொண்டு சுவரோடு மூக்கை ஒட்டி நின்றிருந்தான் ஒரு பையன். நாகர்கோவில் பக்கம். விலங்கியல் ஆராய்ச்சி மாணவன். என் சட்டைப் பையைப் பார்த்துவிட்டு, "அண்ணே, அது லென்ஸா? ஒரு நிமிஷம் குடுங்களேன்" என்றான். பனியன் ஆபீஸ்காரன் பையில் பேனா இல்லாவிட்டாலும் கவுண்டிங் கிளாஸ் இருக்கும். ஒரு இஞ்சுக்குத் துணியில் எத்தனை இழை என்று எண்ணுகிற மடக்கு லென்ஸ். அதை வாங்கிச் சுவரில் வைத்து, "பாருங்க" என்றான்.

கடுகு மாதிரி ஒரு பொட்டு. பார்த்துக்கொண்டே இருந்தால் மெல்ல நகர்ந்தது. நத்தை!

"ரெண்டு மில்லிமீட்டர்கூட இருக்காதுண்ணே. ஜியோரிஸ்ஸான்னு குடும்பத்துப் பேரு மாதிரி. இந்த ஏரியாவுலேயே 1851-ல பென்சன்னு ஒரு வெள்ளைக்காரர் ஒண்ணைக் கண்டுபிடிச்சு சரிட்டான்னு பேர் வெச்சார். அப்புறம் 170 வருஷம் கழிச்சு, 2021-ல, இந்தக் குகையிலேர்ந்து இன்னொரு இனம். ஜியோரிஸ்ஸா மௌஸ்மாயென்சிஸ். பெங்களூர் 'ஏட்ரீ' நிறுவனத்து நிபு குமார் தாஸும் அரவிந்தும் எழுதினாங்க."

"ரெண்டும் வேற வேறன்னு எப்படித் தம்பி சொல்றது? கடுகுல என்ன வித்தியாசம்?"

"புதுசு கொஞ்சம் பெருசு. அப்புறம் ஓட்டோட கடைசிச் சுத்துல வரி வரியா ஓடும். சரிட்டாவுக்கு ஏழு வரி. இதுக்கு எடுப்பா நாலே வரி."

எனக்குச் சிலிர்த்துவிட்டது. இருபது வருஷமாக நான் வாங்குகிற சம்பளமே இதற்குத்தானே! இழையை எண்ணி, "இது அந்த ஆர்டர் துணி இல்லைங்க" என்று சொல்வதற்கு. பென்சன் என்கிற அந்த மனுஷனும் கம்பெனி ஆபீசர்தானாம். கிழக்கிந்தியக் கம்பெனி! ஆபீஸ் வேலை போக மிச்ச நேரத்தில் நத்தை ஓடு. நாம் மிச்ச நேரத்தில் சீட்டாடுகிறோம்.

"அப்ப சுவத்துல இருக்குறது எது?" என்றேன். "இந்த லென்ஸ் பத்தாதுண்ணே. மைக்ராஸ்கோப் வேணும்" என்று கையை விரித்துவிட்டான். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற ஆளைப் பார்த்து நாளாயிற்று.

வெளியே டீக்கடையில் சிவப்பு டீ. பையன் பேச ஆரம்பித்தால் நிறுத்தவில்லை. மௌஸ்மாய் நத்தை ஈரச் சுவரில் வாழ்கிறது. ஆனால் தண்ணிக்குள்ளேயே, அதுவும் பூமிக்கு அடியில் ஓடுகிற ஊற்றுக்குள்ளேயே வாழ்கிற நத்தைகளும் உண்டாம். பிரான்ஸ், ஜெர்மனி, பால்கன் நாடுகளின் சுண்ணாம்பு மலைகளில் ஏகப்பட்டது. கண் கிடையாது, நிறம் கிடையாது. வெளிச்சமே இல்லாத இடத்தில் எதுக்கு மேக்கப்? உயிரோடு பார்த்தவர்கள் கொஞ்சம். ஊற்று வெளியே வருகிற இடத்தில் மணலை அள்ளிக் காயவைத்துத் தண்ணீரில் போட்டால், காலி ஓடுகள் உள்ளே காற்று இருப்பதால் மிதக்குமாம். அதைப் பிரஷ்ஷால் பொறுக்கி எடுக்கணும்.

"வெறும் சட்டையை வெச்சு ஆளை அடையாளம் சொல்ற மாதிரி!" என்றேன்.

"அதேதாண்ணே! சண்டையே அங்கதான்." போன நூற்றாண்டுக்கு முந்தின நூற்றாண்டில் பிரான்சில் பூர்குய்ஞா என்று ஒருத்தர். ஓட்டில் துளி வளைவு மாறினாலும் புதுப்பேர் வைத்துவிடுவாராம். ஒரே பீஸுக்கு நாலு லேபிள் அடிக்கிற கதை. பித்தியோஸ்பியம் என்கிற நிலத்தடி நத்தைகளுக்கு ஜெர்மனிப் பக்கம் இப்படிப் பேர்கள் குவிந்து கிடந்தன. 2017-ல் டி.என்.ஏ. பார்த்தார்கள். தனித்தனி என்று நினைத்த பலதும் ஒன்றுக்குள் ஒன்று அடங்கிப்போயின. சில இடங்களில் நேர் எதிர். வெளியே ஒரே அச்சு, உள்ளே வேற வேற சாதி. இரண்டு பனியன் பார்க்க ஒன்றாக இருக்கும், நூல் கவுண்ட் மாறியிருக்கும் பாருங்கள், அது மாதிரி. அதனால் ஓடு மட்டும் போதாது. வாசலை அடைக்கிற மூடி, நாக்கிலிருக்கிற பல் வரிசை, உள்ளுறுப்பு எல்லாம் பார்க்கணும். ரெண்டு மில்லிமீட்டர் நத்தையை ஆபரேஷன் பண்ணி! நமக்கு ஊசியில் நூல் கோக்கவே கண்ணாடி தேவைப்படுகிறது.

"சரி, பேர் வெச்சு என்னப்பா ஆகப் போகுது?"

கொஞ்ச நேரம் டீயைப் பார்த்தான். "பேரே இல்லாததை எப்படிண்ணே காணோம்னு சொல்லுவீங்க? ஒரே ஊத்துல மட்டும் இருக்குற இனம் இருக்கு. அந்த ஊத்து வத்தினா கதை முடிஞ்சுது. போலீஸ்ல எஃப்.ஐ.ஆர். போடக்கூட பேர் வேணும்ல?"

அப்புறம் கேரளாக் கதை சொன்னான். அங்கே வீட்டுக் கிணறுகளிலிருந்து கண்ணில்லாத குட்டிக் கெளுத்தி மீன் வருகிறது. 2023-ல் அதில் ஒரு புது இனத்துக்கு ஹொராக்ளானிஸ் பாப்புலி என்று பேர் வைத்தார்கள். 'பாப்புலி' என்றால் மக்கள். கண்டுபிடிக்க உதவினது ஜனங்கள்தான் என்பதால்.

"உங்க ஊர்க் கிணத்துல என்னண்ணே இருக்கு?"

எனக்குப் புரை ஏறியது டீயால் அல்ல.

ஊர் வந்து சேர்ந்ததும் முதல் வேலை, வாளியில் பழைய இன்டர்லாக் துணியை வடிகட்டி மாதிரி கட்டிக் கிணற்றில் விட்டேன். அப்பா திண்ணையிலிருந்து, "ஏன்டா, தண்ணிக்கு பனியன் போட்டு உடறே?" என்றார். எங்க ஊர்ப் பாறை சுண்ணாம்பு கிடையாது, கரையாது. குகையெல்லாம் எதிர்பார்க்க முடியாது. வெடிப்பில் ஊறுகிற தண்ணிதான். அந்தத் தண்ணியும் இந்தப் பக்கம் என்ன பாடு பட்டது! 1992-ல் நொய்யலில் கட்டின ஒரத்துப்பாளையம் அணை, பாசனத்துக்குப் பதில் சாயக்கழிவைத் தேக்கிற தொட்டியாகிப் போனது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளையெல்லாம் மூடச் சொன்ன பிறகுதான், கழிவை வெளியே விடாமல் சுத்திகரிக்கிற ஏற்பாடு உறுதியானது. அந்தச் சாயத்தில் ஓடுகிற வண்டியில்தான் என் பிழைப்பும். அதனால் ரொம்பக் கத்த எனக்கு வாயில்லை.

ஏழாவது வாளியில் மாட்டியது. மூன்று நத்தை. ஊசி மாதிரி நீளமாக, சுற்றுச் சுற்றாக. லென்ஸில் பார்த்தேன். வரிகள்! கை நடுங்கியது. 'ஜியோரிஸ்ஸா நெருப்பெரிச்சலென்சிஸ்' என்று பேர்கூட ரெடி. போட்டோ எடுத்துப் பையனுக்கு அனுப்பினேன்.

அரைமணியில் பதில் வந்தது. "மன்னிச்சுக்கோங்கண்ணே. மெலனாய்ட்ஸ் டியூபர்குலாட்டா மாதிரி தெரியுது. ரொம்ப சாதாரணம். ஆனா அதுவும் லேசுப்பட்ட ஆளில்ல. 1774-ல முல்லர்னு டென்மார்க்காரர் பேர் வெச்சார். நம்ம சோழமண்டலக் கரையிலேர்ந்து போன ஓட்டை வெச்சு! ஆம்பள துணை இல்லாமலே குட்டி போடும். மீன்தொட்டி வியாபாரத்துல ஒட்டிக்கிட்டு அமெரிக்கா வரைக்கும் போயிருச்சு."

ஆக, எங்களுக்கு முன்னாடியே எக்ஸ்போர்ட் ஆரம்பித்த பார்ட்டி!

புது இனமில்லை என்றதும் தம்பிக்குக் குஷி. "அதான் ஒண்ணுமில்லேன்னு சொல்லிட்டாங்கல்லண்ணா" என்றான். ஒன்றுமில்லை என்று யாரும் சொல்லவில்லை, மூன்று இருந்தது. அதுவும் ஏழு வாளிக்குத்தான் பார்த்திருக்கிறேன். குடோனைப் பன்னிரண்டு அடி தள்ளிக் கட்டினால் கிணறு தப்பும், ஒரு லாரி நிறுத்துகிற இடம் போகும் என்று ப்ளானில் பென்சிலால் கோடு போட்டுக் கொடுத்தேன். தம்பி வாங்கிக்கொண்டான். அதிலிருந்து என்னிடம் பேசுவதில்லை. அவன் சம்சாரம் மட்டும் "நத்தை மச்சான் வந்துட்டாருங்க" என்று உள்ளே குரல் கொடுக்கிறாள்.

மூன்றையும் ஹார்லிக்ஸ் பாட்டிலில் கிணற்றுத் தண்ணியோடு ஆபீஸ் மேஜையில் வைத்திருக்கிறேன். நேற்று எண்ணினால் ஐந்து. முதலாளி வந்து பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"என்னப்பா இது?"

"சாம்பிளுங்க."

"அப்ரூவல் ஆயிருச்சா?"

"தம்பிகிட்ட அனுப்பியிருக்கேனுங்க. இன்னும் வரலை."