காசைப் புதைச்ச கதை

டிஸ்கி: நான் பொட்டி தட்டுறவன், சிவில் இஞ்சினியர் இல்ல. இதைப் படிச்சிட்டு யாரும் கடப்பாரையைத் தூக்கிட வேண்டாம். :-)

கோவில்பட்டின்னதும் எல்லாருக்கும் கடலைமிட்டாய் ஞாபகம் வரும். 2020ல புவிசார் குறியீடே வாங்கியாச்சு. எனக்கு ஞாபகம் வர்றது விரிசல்தான். சித்திரை வெயில்ல கரிசக்காடு, கைய விட்டா முழங்கை வரைக்கும் போற மாதிரி வெடிச்சுக் கிடக்கும். ஐப்பசி மழை விழுந்ததும் அத்தனை வெடிப்பும் மூடி, மண்ணு உப்பி, கால்ல கிடக்கிற செருப்பைப் பிடுங்கிக்கும். பருத்திக்கும் உளுந்துக்கும் தங்கமான மண்ணு. வீட்டுக்கு?

அப்பா 1999ல லோன் போட்டுக் கட்டின வீடு எங்களோடது. மூணாவது மழைக்கே அடுக்களை ஜன்னல் மூலையிலருந்து சாய்வா ஒரு கோடு. வருஷா வருஷம் பொங்கலுக்கு முன்னாடி அப்பா சிமெண்ட் பூசி வெள்ளை அடிப்பார். கோடை வந்தா கோடும் வந்துடும். அக்காவைப் பொண்ணு பார்க்க வந்த அன்னிக்கு அதுமேல ஒரு பெரிய காலண்டரை மாட்டி வச்சார். வந்த பெரியவர் ஒருத்தர், நல்ல நாள் பார்க்கறேன்னு எழுந்து போய் தாளைத் தூக்கினார். சுவரைப் பார்த்தார், ஒண்ணும் சொல்லாம வந்து உட்கார்ந்தார். அந்த சம்பந்தம் அமையாததுக்கு வேற காரணம். அப்பா மட்டும் இன்னிக்கு வரைக்கும் அதை நம்பல. சிமெண்ட்ல சிக்கனம் பார்த்துட்டோமோன்னு ஒரு உறுத்தல் அவருக்கு.

இப்ப ஊருக்கு வெளிய ஒரு மனை வாங்கி, புது வீட்டு வேலை ஓடுது. அப்பாவோட திட்டம்: முன்னாடி கிரானைட் போட்ட போர்ட்டிகோ, மேல ஒரு மாடி ரூம். என் திட்டம் எக்செல் ஷீட்ல. கல்லூரியில சிவில் பாடம் எடுக்கிற நண்பன் ஒருத்தன், "மொதல்ல மண்ணைக் கொடு, அப்புறம் பிளானைக் காட்டு"ன்னுட்டான்.

அவன் செஞ்ச சோதனை ரொம்ப எளிமை. சலிச்ச காய்ஞ்ச மண் பத்து பத்து கிராமா ரெண்டு அளவுக் குழாய்ல போட்டு, ஒண்ணுல காய்ச்சி வடிச்ச தண்ணி, இன்னொண்ணுல மண்ணெண்ணெய் ஊத்தி 24 மணி நேரம் விடணும். மண்ணெண்ணெய்ல களிமண் உப்பாது, தண்ணியில உப்பும். ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கணக்கு. எங்க மண்ணு தண்ணிக் குழாய்ல ரெண்டு மடங்குக்கிட்ட நின்னுச்சு. அப்பா ரொம்ப நேரம் அதையே பார்த்துட்டு இருந்தார்.

காரணம் மான்ட்மோரில்லோனைட்டுங்கிற களிமண் வகை. தண்ணியை அடுக்கு அடுக்கா உள்ள இழுத்து உப்பும், காய்ஞ்சா சுருங்கும். வீடு முழுக்க ஒரே சீரா உப்பினா பெருசா பாதகமில்ல, ஒரு மூலை மட்டும் எழும்பும்போதுதான் சுவர் கிழியுது. நண்பன் பழைய வீட்டைச் சுத்திப் பார்த்துட்டுக் கேட்ட ஒரே கேள்வி: "அடுக்களைத் தண்ணி எங்க போகுது?"

சுவரை ஒட்டி இருக்கிற வாழைக்கு. அம்மா வச்ச வாழை. பாத்திரம் கழுவுற தண்ணி இருபது வருஷத்துக்கு மேல அந்த ஒரு மூலையில போயிருக்கு.

"அப்ப நாந்தான் வீட்டைக் கெடுத்தேங்கியா?"ன்னு அம்மா கேட்டாங்க. அப்பா சிரிச்சார். அந்தச் சுவரைப் பார்த்து அவர் சிரிச்சு நான் பார்த்ததே இல்ல.

அப்புறம்தான் பைல் பேச்சு. அடியில குமிழ் வச்ச கான்கிரீட் பைல். இதை 1950கள்லயே ரூர்க்கி மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துல நம்ம நாட்டுக் கரிசலுக்காகவே வளர்த்தெடுத்திருக்காங்க. ஆழமான கரிசல்ல குறைஞ்சது 3.5 மீட்டர் இறங்கணும்னு இந்தியத் தர நிர்ணயம் சொல்லுது. அந்த ஆழத்துக்குக் கீழ மழைக்கும் வெயிலுக்கும் ஈரம் அவ்வளவா மாறாது. தண்டைப் போல சுமார் ரெண்டரை மடங்கு விட்டத்துல குமிழ், மேல மண்ணு உப்பி இழுத்தாலும் நங்கூரம் மாதிரி பிடிச்சுக்கும். பைல்களை இணைக்கிற பீம் மண்ணைத் தொடக்கூடாது, 80 மில்லிமீட்டராவது இடைவெளி விடணும். இதைக் கொத்தனாருக்குப் புரிய வைக்கறதுக்குள்ள எனக்கு நாக்குத் தள்ளிடுச்சு. "அந்தரத்துலயா தம்பி வீடு கட்டப் போறீங்க?"ன்னார்.

சுவரைச் சுத்தி தண்ணி இறங்காம சிமெண்ட் தளம் உண்டு. 2003லருந்து தமிழ்நாட்டுல மழைநீர் சேகரிப்பு கட்டாயம்ல, அதுக்குக் குழி வீட்டை ஒட்டி வேணாம்னு தள்ளித் தொட்டி கட்டறோம்.

எல்லாம் சேர்த்துப் பார்த்தா மாடி ரூமுக்கு வச்சிருந்த காசு மண்ணுக்குள்ள போயிடுச்சு. போர்ட்டிகோ கிரானைட்டும் போச்சு. "கிரகப்பிரவேசத்துக்கு வர்றவன் எதைய்யா பார்ப்பான்?"னு அப்பா கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியல.

முதல் குழியில கான்கிரீட் விடற அன்னிக்கு அப்பா டார்ச் அடிச்சு உள்ள எட்டிப் பார்த்துட்டே நின்னார். வேலையாளுங்க சாயா குடிக்கப் போனதும், மனையோட பின்கோடி வரைக்கும் காலால அளந்து போய் ஒரு குச்சியை நட்டார்.

"இங்க வைக்கச் சொல்லு உங்கம்மாவை. வாழையை."