எதிர்நின்ற தோழன்

விளையாட்டு என்னும் சொல்லைக் கேட்டதும் நம் உள்ளம் மகிழ்கின்றது. சண்டை என்னும் சொல்லைக் கேட்டதும் அவ்வுள்ளமே சுருங்குகின்றது. இவ்விரண்டும் ஒன்றாய்க் கலந்தது சண்டை வீடியோ விளையாட்டு. திரையில் இருவர் எதிரெதிரே நிற்பர், குத்துவர், உதைப்பர், ஒருவர் வீழ்வார். 'இதனால் பகையன்றி வேறென்ன வளரும்?' என்று பெரியோர் சிலர் கேட்பதுண்டு. நானும் இதனைப் பன்முறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். இவ்வகை விளையாட்டுகளுள் தலைசிறந்த ஒன்றின் வரலாறே இவ்வினாவுக்கு விடை தருகின்றது என்பது என் கருத்து.

ஜப்பான் நாட்டின் ஓசாகா நகரில் உள்ள காப்காம் நிறுவனம் 1987ஆம் ஆண்டில் 'ஸ்டிரீட் ஃபைட்டர்' என்னும் விளையாட்டை வெளியிட்டது. அதன் பொறிகளுள் ஒருவகையில் இரண்டு பெரிய திண்டுகள் இருந்தன. அவற்றை எவ்வளவு வன்மையாகக் குத்துகின்றோமோ அவ்வளவு வன்மையாகத் திரையில் அடி விழும். ஆடுவோரின் கைகள் சோர்ந்தன. ஆதலின், ஆறு பொத்தான்கள் உள்ள மற்றொரு வகையே நிலைத்தது. தோள்வலிமை விடைபெற்றது; விரல்நுட்பம் அவ்விடத்தில் வந்து அமர்ந்தது.

1991இல் இதன் இரண்டாம் விளையாட்டு வெளிவந்தது. அதில் ஆடுவோர் எட்டு வீரர்களுள் தமக்கு விருப்பமானவரைத் தேர்ந்துகொள்ளலாம். ஒவ்வொருவர்க்கும் ஒவ்வொரு போர்முறை உண்டு. ரியூ என்னும் வீரன் ஒளிப்பந்து எறிய வேண்டுமாயின், கைப்பிடியைக் கீழிருந்து முன்னோக்கிக் கால் வட்டமாகச் சுழற்றி, உடனே குத்துவதற்குரிய பொத்தானை அழுத்த வேண்டும். சொல்வது எளிது, செய்வதற்குப் பழக்கம் வேண்டும்.

அதற்கு முன்பு விளையாட்டுக் கூடங்களுக்குச் சென்றவர்கள் பெரும்பாலும் பொறியோடு போராடி, மதிப்பெண்ணைப் பெருக்குவதிலேயே கருத்தாயிருந்தனர். இவ்விளையாட்டோ மனிதனுக்கு எதிராக மனிதனை நிறுத்தியது. பொறியின் சூழ்ச்சியை ஒருமுறை அறிந்தால் போதும். மனிதனின் சூழ்ச்சியோ நொடிக்கு நொடி மாறும். அமெரிக்கக் கூடங்களில், அடுத்து ஆட விரும்புவோர் தம் நாணயத்தைப் பொறியின் விளிம்பில் வைத்துவிட்டுக் காத்து நின்றனர். வென்றவர் தொடர்ந்து ஆடுவார். தோற்றவர் மீண்டும் காசு கொடுத்து முயல்வார். 1992இல் இது வீட்டில் ஆடுவதற்கேற்பச் சூப்பர் ஃபேமிகாம் கருவிக்கும் வந்தது. அவ்வடிவம் மட்டும் 60 இலட்சத்திற்கு மேல் விற்றது.

ஆக்கியோரே எதிர்பாராத புதுமை ஒன்றும் இதில் நிகழ்ந்தது. உருவாக்கும் குழுவிலிருந்த நோரிடாக்கா ஃபுனமிசு என்பவர், காரை உடைக்கும் பகுதியைச் சோதித்தபோது, ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையே இன்னோர் அடியைச் செருக முடிவதைக் கண்டார். குறை என்று அதனை நீக்காமல் விட்டுவைத்தனர். ஆடுவோரோ அதைக் கலையாகவே வளர்த்தனர். அடிகளை இவ்வாறு தொடராகக் கோக்கும் முறை இன்று சண்டை விளையாட்டுகளின் உயிர்நாடியாக விளங்குகின்றது.

குறையும் சொல்ல வேண்டும். எட்டு வீரர்களுள் தால்சிம் என்பவர் இந்தியர். யோகியாகிய அவர் மண்டை ஓடுகளைக் கழுத்தில் அணிந்திருப்பார். கை கால்களை நீட்டி அடிப்பார். வாயால் நெருப்பும் உமிழ்வார். இந்தியனாகிய எனக்கு அவ்வுருவைக் காண நகைப்பும் வருத்தமும் ஒருங்கே தோன்றுகின்றன. எதிரே நிற்பவரை நன்கு அறியாமல் தீட்டிய ஓவியம் அது. ஆட்டத்தில் வெல்ல விரும்புவோர் அவ்வாறு இருத்தல் இயலாது. மாற்றான் வலியையும் எடைபோடச் சொன்னாரே வள்ளுவர், அவ்வறிவு இங்கே இன்றியமையாதது.

இதற்கு 2004ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்றே சான்று. இவ்வரிசையில் 1999இல் வந்த ஒரு விளையாட்டில், கலிபோர்னியாவில் நடந்த ஈவோ போட்டியின்போது, ஜப்பானியராகிய டைகோ உமேஹாராவும் அமெரிக்கராகிய ஜஸ்டின் வாங்கும் மோதினர். உமேஹாராவின் வீரனுக்கு உயிர் நூலிழையளவே எஞ்சியிருந்தது. வாங் 15 உதைகள் கொண்ட பெருந்தாக்குதலைத் தொடுத்தார். வழக்கமான முறையில் தடுத்தாலும் எஞ்சிய உயிர் தேய்ந்துவிடும். ஒவ்வோர் உதையும் வந்து சேரும் கணத்தில் கைப்பிடியை முன்னோக்கித் தட்டினாலன்றி உய்வில்லை. சிறிது முந்தினாலும் பிந்தினாலும் தோல்வியே. உமேஹாரா பதினைந்தையும் ஏற்று விலக்கினார். பின் திருப்பித் தாக்கி வென்றார். அரங்கமே எழுந்து ஆரவாரித்தது. ஆயினும், அதனை அடுத்து நடந்த இறுதி ஆட்டத்தில் அவர் தோற்றார். முதற்பரிசு வேறொருவர்க்குச் சென்றது. உலகம் இன்று நினைவில் வைத்துப் போற்றுவது அப்பரிசையன்று. அந்தப் பதினைந்து உதைகளையே!

மாணவர்களே, வாங் அன்று அவ்வுதைகளைத் தொடுத்திராவிடின், உமேஹாராவின் ஆற்றலை யார் அறிந்திருப்பர்? உளியின்றிக் கல் சிலையாவதில்லை. அதுபோல, வலிய எதிராளி இன்றித் திறமை வெளிப்படுவதில்லை. 2023இல் சீனாவின் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் இவ்வரிசை விளையாட்டு ஒன்றுக்கும் பதக்கம் வழங்கப்பட்டது. அப்பதக்கம் வெற்றி பெற்றவர்க்கே உரியது. எனினும், அதன் ஒளியில் ஒரு பகுதி தோற்றவர்க்கும் உண்டு. திரையிலாயினும் திடலிலாயினும் தேர்விலாயினும், நம்மை எதிர்த்து நிற்பவர் நம் பகைவர் அல்லர். நம்முள் உறங்கும் ஆற்றலைத் தட்டி எழுப்பும் தோழர் ஆவர்.