பால்வெட்டுக் கத்தியும் கண்ணாடி நாரும்

பசறையில் பஸ் மாறி மொனராகலைக்கு இறங்கும்போது ஓரிடத்தில் தேயிலை முடிந்து ரப்பர் தொடங்கும். குளிர் விலகிப் புழுக்கம் ஏறும். நான் போனது ஏப்ரலில், இரண்டு மழைப் பருவங்களுக்கு இடைப்பட்ட காலம். காலையில் வெயில் சுடும், மூன்று மணிக்குப் பிறகு இடி. இந்த ஊவா மாகாணத்தில் வளர்ந்தவர்களுக்கு இது மனப்பாடம். மேகம் கறுத்ததும் ரேடியோ வயரையும் டீவி வயரையும் ஓடிப்போய்க் கழற்றுவது வீட்டில் பிள்ளைகளின் வேலை.

என்னை அனுப்பியவர் ஒரு கொழும்பு நண்பர். பாட்டுக் கேட்பதற்கென்றே ஓர் அறை வைத்திருப்பவர். இணையத்திலிருந்து பாட்டை எடுக்கும் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் இடையில் இருந்த செப்பு வயரைக் கழற்றிவிட்டு ஃபைபர் போட்டிருந்தார். இரு முனையிலும் மீடியா கன்வேட்டர் என்ற சிறு பெட்டி. ஒன்று மின் குறிகளை ஒளியாக்கும், மற்றது அந்த ஒளியை மறுபடி மின்சாரமாக்கும். வீட்டு இசைக்கு ஒளி புதிதல்ல. தொஷிபா நிறுவனம் 1983ல் கொண்டுவந்த சிவப்பு ஒளித் துளை பழைய சிடி பிளேயர்களின் முதுகில் இருந்தது. ஆனால் அது வழக்கமாகப் பிளாஸ்டிக் நாரில் சில மீற்றர் ஓடுவது. நண்பர் போட்டிருந்தது தொலைத்தொடர்புக்காரர்களின் கண்ணாடி. "குரல் முன்னால வருது, கேளும்" என்றார். கேட்டேன், எனக்கு ஒப்பவில்லை. "இதை எனக்குச் சொல்லித் தந்தவன் மொனராகலையில ஒரு லயத்தில இருக்கிறான். ஏன் செய்தான் எண்டு அவனிட்டையே போய்க் கேளும்."

லயத்துக்குப் போனதும், வீடுகளுக்கு ஃபைபர் இழுத்துக் கொடுக்கும் அந்த மனிதர் எடுத்துக் காட்டியது ஒரு பிஸ்கட் டின். திறந்தால் கருகிய பலகைகள். வெடித்த சிப்புகள், கறுத்த சொக்கட்டுகள். "மூணு ஏப்ரல் சேர். ஒவ்வொரு ஏப்ரலுக்கும் ஒரு செட்."

இணைய இணைப்பு வந்தது மேட்டிலிருக்கும் அக்கா வீட்டுக்கு. அங்கிருந்து இவருடைய லயத்துக் காம்பராவுக்கு எழுபது மீற்றர் சரிவு. முதலில் வெளியே போடும் தடித்த செப்பு வயரை வேலியோரமாக இழுத்திருக்கிறார். அந்த வயரின் தகட்டு உறை இரண்டு வீட்டு எர்த்தையும் பிணைத்துவிட்டது. அம்ப்ளிபயரில் இரவெல்லாம் 'ம்ம்' என்று ஓர் இரைச்சல். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மின்னல் அந்த வயரின் மேலேயே விழ வேண்டியதில்லை, அக்கம்பக்கத்தில் விழுந்தாலும் நீண்ட செப்பில் மின்சாரம் எகிறும். வயர் மாட்டும் பெட்டிக்குள் இருக்கும் சிறு டிரான்ஸ்போமர் ஓரளவுக்குத் தாங்கும், இடிக்குத் தாங்காது.

கண்ணாடியில் மின்சாரம் போகாது. அவர் ஃபைபருக்கு மாறியதற்குக் காரணம் அவ்வளவுதான். வேலைத்தலத்தில் எஞ்சிய துண்டு வயர், யாரோ வேண்டாமென்று போட்ட 100 மெகாபிட் கன்வேட்டர் ஜோடி ஒன்று. சிடி தரத்துப் பாட்டுக்கு வினாடிக்கு 1.4 மெகாபிட் இருந்தால் போதும், ஆகவே பழைய பெட்டி தாராளம். ஒரு முனை 1310 நானோமீற்றர் ஒளியில் பேசும், எதிர்முனை 1550ல் பதில் சொல்லும். இரண்டும் ஒரே நாரில் எதிரெதிராகப் போய் வருகின்றன. கம்பத்துக்குக் கம்பம் கட்டும் வயரில் தாங்குவதற்கென்று ஓர் இரும்புக் கம்பி ஒட்டியே வரும். அதை வீட்டுக்கு வெளியிலேயே பிரித்து வெட்டிவிட்டிருந்தார். "கண்ணாடியப் போட்டுட்டு இந்த இரும்ப உள்ள விட்டா, இடிய வாசல் தொறந்து கூப்ட்ட மாதிரி." கன்வேட்டரோடு வந்த மலிவு அடப்டரையும் ஒதுக்கிவிட்டு, பழைய ரேடியோவில் கழற்றிய டிரான்ஸ்போமரால் மின்சாரம் கொடுத்திருந்தார். மலிவு அடப்டரே இரைச்சலைக் கிளப்பும் என்பது அவருடைய அனுபவம்.

நான் கேட்டதற்காக ஒரு நாரை வெட்டி ஒட்டிக் காட்டினார். தலைமுடியை விடச் சற்றுப் பருமன், 125 மைக்ரோன். அதன் நடுவே ஒளி ஓடும் பகுதி ஒன்பது மைக்ரோன்தான். தோலை உரித்து, அல்கஹோல் தொட்ட துணியால் துடைத்தார். துடைக்கும்போது கீச்சென்று ஒரு சத்தம் வர வேண்டுமாம், வந்தால்தான் சுத்தம். பிறகு கிளீவர்.

கிளீவர் உள்ளங்கையில் அடங்கும் கனத்த உலோகப் பெட்டி. அதன் வட்ட அலகில் பதினாறு எண்கள். ஓரிடம் மழுங்கினால் அடுத்த எண்ணுக்குத் திருப்பலாம். எத்தனையாவது எண்ணில் இருக்கிறோம் என்பதை மூடியில் மார்க்கரால் குறித்திருந்தார். அந்த அலகு கண்ணாடியை அறுப்பதில்லை. மேலே ஒரு கீறல் போடும், அவ்வளவுதான். அந்தக் கீறலில் நார் தானாகத் தெறித்து, முகம் நேராக உடையும். கீறல் ஆழமாகிவிட்டால் முகம் சாயும், சாய்ந்த முகத்தோடு ஒட்டினால் ஒளி சிந்தும். தெறித்த நுனியை விரலில் ஒட்டும் டேப்பால் எடுத்துப் பழைய மாத்திரைப் போத்தலில் போட்டு மூடினார். காலில் ஏறினால் கண்ணுக்கும் தெரியாது, எடுக்கவும் வராது.

"அப்பா பால்வெட்டுக்காரர்" என்றார், கிளீவரை மூடிக்கொண்டே. "பட்டைய மட்டும் சீவணும், மரத்துல படக்கூடாது. பட்டா அந்த எடத்துல மறுபட்ட ஒழுங்கா வராது. கங்காணி விரலால தடவிப் பாப்பாரு. சின்ன வயசுல கூடப் போவேன். கத்தி போற சத்தத்திலயே காயமா இல்லையான்னு அப்பா சொல்லுவாரு." இரண்டு முனையையும் நாரை உருக்கி ஒட்டும் ஸ்பிளைசரில் வைத்தார். திரையில் இரண்டு கம்பங்கள் நெருங்கி வந்தன. ஊசி முனைகளுக்கு நடுவே ஊதா நிறத்தில் ஒரு பொறி, கண்ணாடி உருகி ஒன்றாயிற்று. இழப்பு 0.02 டெசிபெல் என்று காட்டியது. திரையில் தெரிந்த படம், அளவீடு எல்லாவற்றையும் விரிவாக விளக்கினார். நான் அவருடைய விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கண்ணாடி நாரின் வழியே தூர தேசத்துக்குப் பேச முடியும் என்று சார்ல்ஸ் காவோவும் ஜோர்ஜ் ஹொக்கமும் எழுதியது 1966ல். ஒரு கிலோமீற்றர் போனபின் நூறில் ஒரு பங்கு ஒளி மிஞ்சினால் போதும் என்பது அன்றைய கனவு. இன்று நூறில் தொண்ணூற்றைந்து மிஞ்சுகிறது. காவோவுக்கு 2009ல் நொபெல் கிடைத்தது. அந்தக் கண்ணாடி மொனராகலை லயத்துக்கு வந்து சேர்ந்த இடத்தில் அதை ஒட்டுகிறவருக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்டேன்.

ஸ்பிளைசர் அவருடையதல்ல, மறுநாள் காலையில் திருப்பிக் கொடுக்க வேண்டும். கிளீவர் மட்டும் சொந்தம், தவணையில் வாங்கியது. கூலி வீட்டுக் கணக்கு. கம்பம் ஏறி, வயர் இழுத்து, ஒட்டி, விளக்குப் பச்சையானால் ஒரு வீடு. மழையில் நின்ற நாளுக்கு ஒன்றுமில்லை. மரம் விழுந்து அறுந்ததை மறுபடி ஒட்டுவதும் அவருடைய தலையில். கம்பனியிலிருந்து பெரிய கொன்ட்ராக்ட், அதிலிருந்து மாவட்டத்துக்கு ஒருவர், அவரிடமிருந்து வேன் வைத்திருப்பவர், வேன்காரரிடமிருந்து இவர். ஒவ்வொரு கையும் கிள்ளிக்கொண்டு மிச்சத்தைக் கீழே விடுகிறது. அந்தக் கைகளில் எத்தனை பேருக்கு ஒரு நாரைச் சுத்தமாக உரிக்கத் தெரியும்?

பால்வெட்டிய தகப்பனுக்கு ஊழியர் சேமலாப நிதி இருந்தது. 1958ஆம் ஆண்டுச் சட்டம் அது. தொழிலாளி எட்டு வீதம், தோட்டம் பன்னிரண்டு வீதம், அதன்மேல் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு மூன்று வீதம். வெள்ளைக்காரன் வைத்துவிட்டுப் போன லயத்திலிருந்து வேலைக்குப் போனவருக்குக் கிடைத்த அந்தப் பாதுகாப்பு, நாட்டையே ஒளியால் இணைப்பதாகச் சொல்லப்படும் வேலைக்குப் போகும் மகனுக்கு இல்லை. "நீ ஊழியன் இல்ல, சப் கொன்ட்ராக்ட்" என்று சொல்லிவிட்டார்களாம். துண்டுக் கணக்கில் கூலி வாங்குகிறவரும் இந்த நாட்டில் அந்த நிதிக்கு உரியவர். அதை அவரிடம் சொன்னவர் யாரும் இல்லை. சொல்லிக் கேட்டிருந்தால் அடுத்த வீடு அவருக்குக் கிடைத்திருக்குமா என்பதும் எனக்குத் தெரியும். கம்பத்தில் தொங்குகிறவரைத் தொழிலாளியாகக் கணக்கெடுக்காத ஏற்பாட்டுக்கு நவீனம் என்று பெயர் வைத்திருக்கிறோம்.

பிறகுதான் பாட்டு. வெனீர் பலகையில் அவரே செய்த பொக்ஸ்கள். சீர்காழி கோவிந்தராஜனின் பக்திப் பாடல்களை வைத்தார், தோட்டத்துக் கோயில் குழாயில் அப்பா கேட்டவை. முதலில் ஃபைபர் வழியே. பின்னர் என் வேண்டுகோளுக்காகப் பாட்டுப் பெட்டியையும் அம்ப்ளிபயரையும் பொக்ஸ்களையும் அக்கா வீட்டுக்கு எடுத்துப்போய், ரவுட்டரிலேயே சிறு செப்பு வயரால் மாட்டிக் கேட்டோம். அதே பாட்டு, அதே குரல். வித்தியாசம் எதுவும் என் காதுக்கு எட்டவில்லை. அவருக்கும் எட்டவில்லை. "பாட்டு கூடாது சேர், கொறையாது. அந்த 'ம்ம்' இல்ல, அது போதும். கொழும்பு ஐயாகிட்டயும் அதத்தான் சொன்னேன்." போன ஏப்ரலில் டின்னில் புதிதாக ஒன்றும் சேரவில்லை.

காம்பராவுக்குத் திரும்பி எல்லாவற்றையும் மறுபடி மாட்டி முடித்தபோது மலைப் பக்கம் உறுமியது. பாட்டை நிறுத்தி, கன்வேட்டரின் பிளக்கையும் அம்ப்ளிபயரின் பிளக்கையும் சுவரிலிருந்து இழுத்தார். மின்சார வயர் வழியாக இடி வரும் பாதை இன்னும் திறந்துதான் இருக்கிறது. நான் என் பங்குக்கு மஞ்சள் ஃபைபரைக் கழற்றக் கை நீட்டினேன்.

"அத விடுங்க சேர்" என்றார், சன்னலைச் சாத்திக்கொண்டே. "அதுல ஒண்ணும் வராது."