ஸ்ராட் வருதல்

மோட்டார் வண்டி இயங்கத் தொடங்குவதைக் குறிக்க யாழ்ப்பாணத்தார் வழங்கும் தொடர் ஒன்று ஆராயத்தக்கது. 'கார் ஸ்ராட் ஆகவில்லை' என்போர் எம்மிடையே சிலரே. 'ஸ்ராட் வரவில்லை' என்பதே பெருவழக்கு. பெயரை ஆங்கிலத்தாரிடம் இரவல் வாங்கிய எம்மவர், அதனோடு சேர்த்த வினையைச் சொந்த வீட்டிலிருந்தே எடுத்தனர். உறக்கம் வருகின்றது, மழை வருகின்றது, பறை முழங்க ஒருவருக்கு உரு வருகின்றது. அவ்வரிசையிலேதான் காருக்கும் ஸ்ராட் வருகின்றது. வருவது அதன் திருவுளம். வரவழைப்பது எம் முயற்சி. இவ்வழக்கினை முதலில் உண்டாக்கியவர் இலக்கணம் கற்றவரோ அல்லரோ, அக்காலத்து மோட்டார் வண்டியின் இயல்பை நன்கு கற்றவர் என்பது துணிபு.

யூபிலி மலருக்குத் தமிழாசிரியர் கட்டுரை எழுதுவதாயின் சங்க இலக்கியம் பற்றியே எழுதுவார் என அன்பர்கள் எண்ணியிருத்தல் கூடும். அவர்கள் பொறுத்தருள்வாராக. சென்ற 2025ஆம் ஆண்டில் நெல்லியடியில், எம் கல்லூரியின் பழைய மாணவரும் எம் நண்பருமான ஒருவர் இல்லத்திலே கண்டதொன்றை எழுதவே உள்ளம் விழைகின்றது.

2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் தொடக்கம் ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் இந்நாட்டிற்குப் புதிய கார்கள் வரவில்லை. அந்நியச் செலாவணி இன்மையால் விதிக்கப்பட்ட அத்தடை 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு நீங்கியது. நீங்கிய சில மாதங்களில் எம் நண்பர் பெரும்பொருள் ஈந்து உயர்தரக் கார் ஒன்றை வாங்கினார். பெற்றோலாலும் மின்னாலும் மாறிமாறி ஓடும் ஹைபிரிட் வகையைச் சேர்ந்தது அது. ஆடம்பரத்திற்காக வாங்கினார் என்று ஊரிற் சிலர் கூறினர். உண்மை அதுவன்று. நண்பரின் தந்தையார் எண்பது வயதைக் கடந்தவர். எம் கல்லூரியிற் கற்பித்து இளைப்பாறியவர். சிறுநீரக நோயினால் வாரம் இருமுறை யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலைக்குச் சென்று குருதிச் சுத்திகரிப்புச் செய்துகொள்ள வேண்டிய நிலையினர். பழைய வானின் குலுக்கலை அவர் உடல் தாங்கவில்லை. அக்கார் வந்ததன் காரணம் இதுவே.

இடையில் தந்தையார் மூன்று வாரம் யாழ்ப்பாணத்தில் மகள் வீட்டிலே தங்கினார். கார் அசையாது கொட்டகையில் நின்றது. அவர் வீடு திரும்பியபின் வந்த முதற் சிகிச்சை நாள். காலை ஐந்தரை மணி. நண்பர் பிரேக்கை மிதித்துப் பொத்தானை அழுத்தினார். முகப்பிலே பல நிற விளக்குகள் ஒருமுறை மின்னித் துடித்தன. எங்கோ 'டிக் டிக்' என்றோர் ஒலி எழுந்தது. பின் யாவும் இருண்டன. மீண்டும் அழுத்தியபோது அவ்வொலியும் இல்லை. தந்தையாரோ வேட்டி சால்வையுடன் வாயிற்படியில் அமர்ந்திருக்கின்றார். வைத்தியசாலையில் அவருக்கு ஒதுக்கிய நேரம் தவறின் அடுத்தவர் அமர்ந்துவிடுவார். கழிவு நீங்காத குருதியுடன் இன்னுமொரு நாள் கழிக்க வேண்டும். முச்சக்கர வண்டியில் அத்துணைத் தூரம் அவரை ஏற்ற இயலாது. சந்தியிலிருந்து வாடகை வான் ஒன்று வரவழைக்கப்பட்டது. நேரம் சற்றுப் பிந்தினும் தாதியர் இரங்கி இடமளித்தனர்.

அன்று முற்பகல் நண்பர் வண்டியை விற்றோருக்குத் தொலைபேசியிற் பேசினார். வண்டியைச் சுமைவண்டியில் ஏற்றிக் கொழும்புக்கு அனுப்புமாறு விடை வந்தது. நெல்லியடியிலிருந்து கொழும்பு ஏறக்குறைய 400 கிலோமீற்றர். ஒரு பொத்தானை அழுத்துதற்கு இத்துணைத் தூரமோ என்று நண்பர் எம்மை நோக்கி நகைத்தார். அந்நகையில் மகிழ்ச்சி இருக்கவில்லை.

ஸ்ராட் வராமை எமக்குப் புதிதன்று. 1990ஆம் ஆண்டு ஜூன் மாதம் போர் மீண்டும் மூண்டதன்பின் குடாநாட்டுக்குப் பெற்றோலும் பற்றறியும் வருவது தடைப்பட்டது. மின்சாரமும் நின்றது. துவிச்சக்கர வண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்ட காலம். அந்நாளில் ஒஸ்ரின், மொறிஸ் முதலிய முதிய கார்களே எம்மைச் சுமந்தன; அவை மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் எளிதில் ஆவியாகாது; ஆவியாகாதது தீப்பொறிக்கு இணங்காது. ஆதலின், சிறு போத்தலிலே பொன்போற் காத்து வைத்த பெற்றோலில் சில துளிகளைக் காபிறேற்றரிற் சொட்டவிட்டு எஞ்சினை எழுப்புவர். அது சூடேறியபின் மண்ணெண்ணெயைக் குடித்து, கரும்புகை கக்கிக்கொண்டு ஓடும். பற்றறி செத்திருந்தமையால் முன்புறத் துளையிற் கைபிடியைச் செருகிச் சுற்றினர். மின்னால் எஞ்சினை எழுப்பும் பொறியைக் கெற்றரிங் என்னும் அமெரிக்கர் அமைக்க, அது 1912ஆம் ஆண்டின் கடிலாக் கார்களில் இடம்பெற்றது என்பர் நூலோர். எண்பது ஆண்டு கழித்து வடமராட்சி மீண்டும் கைபிடிக்கே திரும்பியிருந்தது.

1991ஆம் ஆண்டின் ஓர் இரவு எம் அன்னையாருக்குப் பேறுகால நோவு கண்டது. மந்திகை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல அயலவர் ஒருவரின் ஒஸ்ரின் காரே கதி. சாரதி கைபிடியைச் சுற்றினார், வரவில்லை. அடுத்த வீட்டார் வந்து சுற்றினர், வரவில்லை. அரிக்கன் லாந்தரைப் பிடித்து நின்ற எம்மிடம் சாரதி, "தம்பி, பெருவிரலை மற்ற விரல்களோடை ஒரே பக்கத்திலை வை. இல்லாட்டி அது திருப்பி அடிச்சுக் கையை முறிச்சுப்போடும்" என்று, அந்த அவசரத்திலும் பாடம் நடத்தினார். ஒருவர் பிளக்கைக் கழற்றிச் சுட்டுத் துடைத்தார். மற்றொருவர் தம் போத்தலிலிருந்த பெற்றோலைக் கொணர்ந்தார். ஐவர் தள்ள, தெருவின் சரிவிலே ஸ்ராட் வந்தது. வைகறையில் எம் தங்கை பிறந்தாள். அக்காலத்தைப் பொற்காலம் எனப் புகழ எமக்கு மனம் இல்லை. அப்புகையைக் குடித்து இருமியவர் பலர். கார் வந்து சேராமையால் மாண்டவரும் உளர். ஆயினும் அவ்விரவில் வண்டியின் நோய் இன்னதென்று தெருவில் நின்ற அனைவரும் அறிந்திருந்தனர்.

நண்பரின் காரையோ தள்ளியும் பயனில்லை. அவ்வகை வண்டியைத் தள்ளி இயக்குதல் இயலாது. கொழும்புப் பயணத்திற்கு முன் ஒருமுறை பார்க்கட்டும் என்று, நெல்லியடியில் மோட்டார் திருத்தும் இளைஞர் ஒருவரை அழைத்தோம். அவர் எம்மிடம் தமிழ் கற்றவர். தமிழைவிட மின்சாரத்தை நன்கு கற்றவர். முன்மூடியைத் திறந்து, சிவப்பு மூடியிட்ட சிறு முனை ஒன்றில் அளவுமானியை வைத்தார். செம்மையாக இருப்பின் 12.6 வோல்ற்றளவு காட்டவேண்டிய பற்றறி 10.4 காட்டியது.

அவர் விளக்கியதை எம் சொல்லிற் கூறுவோம். இவ்வகைக் காரில் பற்றறி இரண்டு. ஒன்று வண்டியையே உருட்டவல்ல பேராற்றல் வாய்ந்தது; இருநூறு வோல்ற்றுக்கு மேற்பட்டது; செம்மஞ்சள் நிற வயர்களைத் தொடாதீர் என எச்சரிப்பது அதன் பொருட்டே. மற்றையது பழைய கார்களில் உள்ளது போன்ற 12 வோல்ற்றுச் சிறு பற்றறி. பெரியது எத்துணை நிறைந்திருந்தாலும், அதன் கதவைத் திறந்துவிடும் ஆளியையும் வண்டியின் கணினிகளையும் எழுப்புவது சிறியதே. சிறியது சோர்ந்தால் பெரியது சிறைப்பட்டுக் கிடக்கும். தேர் எவ்வளவு பெரிதாயினும் அச்சாணி கழன்றால் நிற்கவேண்டியதே அன்றோ?

புத்தம்புதிய வண்டியின் பற்றறி சோர்ந்தது எவ்வாறு? திறவுகோலைச் சட்டைப்பையில் வைத்திருந்தாலே கதவு திறக்கும் வண்டி அது. அத்திறவுகோல் கொட்டகையை ஒட்டிய சுவரில் ஆணியில் தொங்கிற்று. எசமானர் அருகில் நிற்கின்றார் என எண்ணி வண்டி இரவும் பகலும் செவி சாய்த்தபடி விழித்திருந்தது. அன்றியும், நண்பர் மாலைதோறும் கதவுகளை அகலத் திறந்து துடைப்பதும், காணவந்த சுற்றத்தாரை உள்ளே இருத்தி வானொலி பாடச் செய்வதும் வழக்கம். மூன்று வாரம் ஓடாத வண்டியில் செலவு மட்டும் நடந்தது, வரவு இல்லை. கப்பலிலும் துறைமுகத்திலும் கிடந்த நாள்களும் அதன் வலுவைக் குறைத்திருக்கலாம் என்றார் இளைஞர்.

பக்கத்தில் நின்ற வானின் பற்றறியிலிருந்து இரு வயர்கள் கொணரப்பட்டன. சிவப்பு, சிவப்பு முனைக்கு. கறுப்பு, வண்டியின் இரும்புப் பாகத்திற்கு. சில நிமிடம் பொறுத்து நண்பர் பொத்தானை அழுத்தினார். விளக்குகள் ஒளிர்ந்தன; ஓசை ஒன்றும் இல்லை. "இன்னும் ஸ்ராட் வரவில்லையே" என்று நண்பர் வருந்த, "வந்து நிக்குது, அண்ணை" என்றார் இளைஞர். இவ்வகைக் கார் ஓசையின்றியே புறப்பட ஆயத்தமாகும் என்பதை அன்றுதான் அறிந்தோம். கொழும்புப் பயணம் வேண்டியிருக்கவில்லை.

வண்டியோடு வந்த கைந்நூலைப் பின்னர் புரட்டினோம். ஐந்நூறு பக்கத்திற்கு மேற்பட்ட ஆங்கில நூல். திறவுகோலை வண்டிக்கு அண்மையில் வையாதீர். நெடுநாள் நிறுத்திவைப்பின் இடையிடையே இயக்குக. திறவுகோலினுள் இருக்கும் காசளவு பற்றறி சோர்ந்தால் அத்திறவுகோலையே பொத்தானிற் தொட்டுக்கொண்டு அழுத்துக. எல்லாம் அதில் உள்ளன. கோடிக்கணக்கிற் பொருள் பெற்று நெல்லியடியார்க்கு வண்டி விற்போர், இவற்றை ஒரு தாளளவேனும் தமிழில் அச்சிட்டுத் தரலாகாதோ? இது சலுகை வேண்டுதல் அன்று. விலை கொடுத்தவர் உரிமை. நோயாளியை ஏற்றுமுன் வீட்டிலுள்ள எவரும் படித்தறியத்தக்க மொழியில் அவை இருத்தல் வேண்டும்.

அவர்கள் தரும்வரை காத்திராது, அப்பகுதியை யாமே தமிழிற் பெயர்த்து, தடித்த எழுத்தில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தோம். நண்பர் அதனைக் கொட்டகைச் சுவரில், திறவுகோல் தொங்கிய ஆணியிலேயே மாட்டினார். திறவுகோல் இப்போது அடுக்களைப் பக்கம் இடம்பெயர்ந்துவிட்டது. அடுத்த சிகிச்சை நாளன்று காரில் ஏறுமுன் தந்தையார் மூக்குக்கண்ணாடியை அணிந்து அத்தாளை முற்றும் படித்தார். பின் எம்மிடம் பேனாவை வாங்கி, 'துணை மின்கலம்' என்று யாம் எழுதியிருந்த இடங்களிலெல்லாம் மின்கலத்தை வெட்டிப் 'பற்றறி' என்று எழுதினார். துணையை மட்டும் இருக்கவிட்டார்.