இரண்டு பக்கமும் கூடினால் காணி எவ்வளவு கூடும்?



உயர்தரத்தில் இணைந்த கணிதம் எடுத்த பிள்ளைகள் சிலர், வகையீடு தொடங்கியதும் "கலைப்பிரிவுக்கு மாறட்டுமா?" என்று எங்களிடம் வருகிறார்கள். வீட்டிலும் "வராதென்றால் விடு மகன்" என்று சொல்லிவிடுகிறார்கள். கொப்பியை வாங்கிப் பார்த்தால், அநேகமாக ஒரே இடத்தில்தான் தடுக்கியிருக்கும்.

எக்ஸ் வர்க்கத்தின் பெறுதி 2 எக்ஸ். சைன் எக்ஸின் பெறுதி கோசைன் எக்ஸ். இரண்டையும் கூட்டிய சார்பென்றால் தனித்தனியே வகையிட்டுக் கூட்டலாம். அதில் பிரச்சினையில்லை. இரண்டையும் பெருக்கிய சார்பு வந்ததும், அதே பழக்கத்தில் பெறுதிகளையும் பெருக்கி 2 எக்ஸ் கோசைன் எக்ஸ் என்று எழுதிவிடுகிறார்கள். அது பிழை.

ஏனென்று ஒரு காணியை வைத்துப் பார்ப்போம். நீளம் 10 அடி, அகலம் 6 அடி, பரப்பு 60 சதுர அடி. இரண்டையும் 1 அடி கூட்டினால் 11 தர 7, அதாவது 77. கூடியது 17, 1 தர 1 அல்ல. நீளப் பக்கத்தில் 10, அகலப் பக்கத்தில் 6, மூலையில் 1. கூட்டும் அளவு சிறுக்கச் சிறுக்க அந்த மூலைத்துண்டு கணக்கில் எடுபடாமல் போகும். மிஞ்சும் இரண்டு துண்டுகள்தான் பெருக்கல் விதி. ஒன்றை வகையிட்டு மற்றதை அப்படியே வைக்க வேண்டும். பிறகு மாற்றிச் செய்து, இரண்டையும் கூட்ட வேண்டும். விடை: 2 எக்ஸ் சைன் எக்ஸ் சக எக்ஸ் வர்க்கம் கோசைன் எக்ஸ்.

சைனுக்கு உள்ளே எக்ஸ் வர்க்கம் இருந்தால் அது பெருக்கமே அல்ல. அதற்குச் சங்கிலி விதி. அப்போதுதான் 2 எக்ஸை, எக்ஸ் வர்க்கத்தின் கோசைனால் பெருக்க வேண்டும். ஆகவே பேனை எடுக்கும் முன் கேட்க வேண்டியது: கூட்டலா, பெருக்கமா, ஒன்றுக்குள் ஒன்றா?

நுண்கணிதத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான லைப்னிட்ஸே 1675 இல் இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டித்தான், பெருக்கத்தின் பெறுதியும் பெறுதிகளின் பெருக்கமும் ஒன்றல்ல என்று கண்டார். அவர் தடுக்கிய இடத்தில் பதினேழு வயதுப் பிள்ளை தடுக்கினால் அது திறமைக் குறைவல்ல.

பெற்றோரே, நீங்கள் கணிதம் படித்திருக்கத் தேவையில்லை. "இது ஏன் இப்படி வந்தது மகள்?" என்று மட்டும் கேளுங்கள். விளக்கத் தெரியாவிட்டால் கொப்பியோடு எங்களிடம் அனுப்புங்கள். பாடம் மாற்றும் கதையை அதற்குப் பிறகு பேசுவோம், இன்ஷா அல்லாஹ்.