சரி, ரத்து

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை பார்த்தவர்களுக்கு மாதத்தின் கடைசி இரண்டு நாட்கள் எப்படிப்பட்டவை என்று தெரியும். அந்த மாதக் கணக்கில் காட்டவேண்டிய சரக்கு முப்பதாம் தேதி இரவுக்குள் லாரியில் ஏறியாக வேண்டும். ஒரு வாகன உதிரிபாகப் பட்டறையில் பதினோரு வருடம் நான் டெஸ்பாட்ச் பிரிவில் இருந்தேன். பொருள் நன்றாக இருக்கிறதா என்பது என் கவலை அல்ல, போய்ச் சேர்ந்ததா என்பதே என் கவலை. இந்தக் குணம் பட்டறையோடு நின்றிருந்தால் இதை எழுத வேண்டிய அவசியம் இருந்திருக்காது.

2005 வாக்கில் நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து லினக்ஸ் இயங்குதளத்தின் செய்திகளைத் தமிழாக்கம் செய்துகொண்டிருந்தோம். குழுவின் பெயர் இங்கே வேண்டாம், இப்போது அது இல்லை. யாருக்கும் சம்பளம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகளில் திருமுல்லைவாயிலில் என் வீட்டு மாடியில் கூடுவோம். எங்களில் மூத்தவர் ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் ஆய்வுப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். நாங்கள் அவரை சார் என்போம், அவர் எங்கள் எல்லோரையும் தம்பி என்பார். முப்பது வருடம் அளவுகோலை வைத்துப் பார்த்து 'இது தேறாது' என்று ஒதுக்கி வைத்த கை. ஒற்றுப்பிழையைக்கூட அப்படித்தான் ஒதுக்குவார்.

2007 பொங்கலுக்கு ஒரு குறுந்தகடு வெளியிடுவது என்று முடிவு செய்தோம். பொங்கலைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்றுதான் தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரமும் உலகெங்கும் சிதறிக்கிடந்த அன்பர்களும் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமாகக் கொடுத்தார்கள். தட்டச்சு செய்தவர் யார், மெய்ப்புப் பார்த்தவர் யார் என்று நூலின் தலைப்பில் இருக்கும். பிழை தெரியவந்தால் பிறகு திருத்தலாம். நூல் முதலில் வாசகன் கைக்குப் போகட்டும் என்பதற்கு எனக்கு அதுவே முன்னுதாரணம்.

சாருக்கு முன்னுதாரணம் டெபியன். 1993-இல் இயன் மர்டாக் தொடங்கி, முழுக்கத் தன்னார்வலர்களால் நடக்கும் திட்டம். 'எப்போது வரும்?' என்று கேட்டால் 'தயாரானதும் வரும்' என்பது அவர்களுடைய புகழ்பெற்ற பதில். நம் சிறுபத்திரிகை ஆசிரியர்களுக்கு இந்த பதில் புதிதல்ல! (அதன் பதிப்புகளுக்கெல்லாம் 'டாய் ஸ்டோரி' படத்துப் பாத்திரங்களின் பெயர்கள். பொம்மைகளை உடைக்கும் பையன் சித்தின் பெயர், எப்போதும் நிலையற்றதாகவே இருக்கும் பதிப்புக்கு நிரந்தரமாகக் கொடுக்கப்பட்டிருக்கிறது.) 2002 ஜூலையில் ஒரு பதிப்பு வந்தது. அடுத்தது 'சார்ஜ்', 2005 ஜூனில்தான் வந்தது. ஏறத்தாழ மூன்று வருடம். பதினோரு வகைக் கணினிக் கட்டமைப்புகளுக்கும் ஒரே நாளில் வெளியிடவேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால் இப்படித்தான் ஆகும், நான்கோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று 2005 மார்ச்சில் வான்கூவரில் கூடிய சிலர் சொல்லப்போக, பெரும் சண்டை மூண்டது.

அதற்கு அடுத்த பதிப்பு 'எட்ச்'. 2006 டிசம்பர் 4 என்று தேதி குறித்தார்கள். தேதியைக் காப்பாற்றுவதற்காக அன்றைய தலைவர் அந்தோணி டவுன்ஸ் உள்ளிட்ட சிலர், வெளியீட்டு மேலாளர்கள் இருவர் ஆளுக்கொரு மாதம் முழுநேரமும் உழைக்க வெளியே பணம் திரட்டிக் கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். 'டங்க்-டாங்க்' என்று அதற்குப் பெயர். ஆயிரம் பேர் இலவசமாகச் செய்யும் வேலைக்கு இருவருக்கு மட்டும் ஏன் கூலி? சிலர் தம் பங்கு வேலையைக் குறைத்துக்கொண்டார்கள். வேறு சிலர் 'டங்க்-பேங்க்' என்று தொடங்கி, வெளியீட்டைத் தடுக்கும் வழுக்களைத் தேடித்தேடிப் பட்டியலிட்டார்கள். தலைவரை நீக்கக் கோரித் தீர்மானம் வந்து தோற்றது. விரைவுபடுத்தச் செய்த ஏற்பாடு இப்படி முடிந்தது. டிசம்பர் போய், ஜனவரி போய், 2007 ஏப்ரல் 8, ஈஸ்டர் ஞாயிறன்றுதான் எட்ச் வந்தது.

இந்தச் சண்டைகளை சார் எங்களுக்குப் பாரதக் கதைபோலச் சொல்வார். "பாத்தியா தம்பி, ஒரு வெட்கமும் இல்லாம இன்னும் ஆகலன்றாங்க. அதுதான் ஆம்பளத்தனம்." நான் உபுண்டுவைக் காட்டுவேன். 2004 அக்டோபர் முதல் ஆறு மாதத்துக்கு ஒன்று என்று தவறாமல் வருகிறதே! "அதுவும் 2006-ல ஒரு தடவை ஆறு வாரம் தள்ளிப் போட்டாங்க" என்பார். உண்மைதான். அந்த ஒருமுறையை அவர் எப்போதும் கையில் வைத்திருந்தார்.

பொங்கலுக்கு மூன்று நாள் முன்பு இரவு பதினொரு மணிக்கு அவரிடமிருந்து தொலைபேசி. தன் பழைய கணினியில் குறுந்தகட்டை ஓட்டிப் பார்த்திருக்கிறார். நிறுவும்போது ஓரிடத்தில் 'வட்டை அழிக்கும் பணியை ரத்து செய்யலாமா?' என்று கேட்கிறது. கீழே இரண்டு பொத்தான்கள்: 'சரி', 'ரத்து'. ரத்தை அழுத்தினால் ரத்து செய்வதுதான் ரத்தாகிறது. அழிக்கும் பணி தொடர்கிறது. மொழிபெயர்ப்பவர் கண்ணுக்குத் திரை தெரியாது, வரிசையாகச் சொற்கள்தான் தெரியும். 'ரத்து' என்ற சொல்லை எங்கேயோ ஒருமுறை எழுதியிருப்போம், அது எல்லாப் பொத்தான்களிலும் போய் உட்கார்ந்துகொள்ளும். சொல்லில் பிழையில்லை, கேள்வியிலும் பிழையில்லை. இரண்டும் சேர்ந்த இடத்தில்தான் பிழை.

"நிறுத்து தம்பி. ரெண்டு வாரம் தள்ளிப் போடலாம்."

150 குறுந்தகடுகள் ரிச்சி தெருவில் எழுதி வாங்கி என் அறையில் அடுக்கியிருந்தன. பணம் என் போனஸ். ஒரு பொறியியல் கல்லூரியில் விழாவுக்கு நாள் குறித்தாகிவிட்டது. "யார் சார் அவ்வளவு தூரம் போய் ரத்தை அழுத்தப் போறாங்க? அடுத்ததுல திருத்திடலாம்" என்றேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு "வெளியீடு உன் பொறுப்பு" என்று வைத்துவிட்டார்.

விழா நன்றாகவே நடந்தது. சாரும் வந்திருந்தார்.

பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் டிடிபி மையம் வைத்திருந்த ஒருவருக்கு நானே ஒரு குறுந்தகடு கொடுத்தேன். தமிழில் கணினி என்றதும் அவ்வளவு ஆசையாக வாங்கிக்கொண்டார். பிப்ரவரியில் அந்தப் பக்கம் போனபோது கடையில் பாதி விளக்குதான் எரிந்தது. ஒரு கோயில் குடமுழுக்கு மலர், 96 பக்கம், இரண்டு மாத வேலை, பக்க வடிவமைப்பு முடிந்த நிலையில் இருந்ததாம். சும்மா போட்டுப் பார்க்கலாமென்று எங்கள் தகட்டைப் போட்டிருக்கிறார். அழிப்பது என்ற சொல்லைக் கண்டதும் பயந்து ரத்தை அழுத்தியிருக்கிறார்.

"நான்தான் சரியாப் படிக்கல போல சார். தமிழ்லதான் கேட்டிருக்கு. எனக்குத்தான் புரியல" என்றார்.

நான் சொல்லியிருக்கலாம். உங்கள் தமிழில் ஒன்றும் குறையில்லை, இது எங்களுக்கு முன்பே தெரியும், எனக்குத் தெரியும் என்று சொல்லியிருக்கலாம். டீ வாங்கிக் கொடுத்தார், குடித்தேன். மூன்று ஞாயிறு அவர் கடையில் உட்கார்ந்து பழைய மெய்ப்புத் தாள்களைப் பார்த்துத் தட்டச்சு செய்து கொடுத்தேன். என் பெருந்தன்மையை அவர் எல்லோரிடமும் சொன்னார்.

டெபியன்காரர்கள் தங்களுக்குள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். 2009 ஜூலையில், இரண்டு வருடத்துக்கொரு முறை டிசம்பரில் உறைநிலை, அதாவது அதற்குப்பின் புதிதாக எதையும் சேர்க்கக்கூடாது, என்று அறிவித்தார்கள். முதல் உறைநிலை அதே டிசம்பரில் என்றதும் வழக்கம்போல எதிர்ப்பு. கடைசியில் 2010 ஆகஸ்டில் உறையவைத்து, 2011 பிப்ரவரியில் வெளியிட்டார்கள். உறைநிலைக்குத் தேதி, வெளியீட்டுக்குத் தகுதி. இப்போது இரண்டு வருடத்துக்கொன்று என்ற கணக்கில் வந்துவிடுகிறது. கடைசியாக 2025 ஆகஸ்டில் வந்தது.

பூந்தமல்லியிலிருந்து திரும்பிய அன்றே ஆவடியில் இறங்கி சார் வீட்டுக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். 'நான் அப்பவே சொன்னேனே' என்பார் என்று எதிர்பார்த்து, அதற்கு ஒரு பதிலும் யோசித்து வைத்திருந்தேன். அவர் எழுந்துபோய் டைரியை எடுத்து வந்தார். "திருத்தினது எந்தத் தேதிக்கு வேணும், சொல்லு" என்றார். எனக்குத் தேதி எதுவும் வாயில் வரவில்லை.