ரோரிக் வந்துபோன அடையாறு

ஜெமினி மேம்பாலத்தருகே 29சி-யில் ஏறினால் லஸ், மந்தைவெளி, அடையாறு என்று பெசன்ட் நகர் வரை ஒரே சீட்டு. பழைய பாலே நாடகங்களின் மேடைப் படுதாக்களை இன்று கையாலேயே பார்த்து எழுதுகிறவர்களைப் பற்றிப் படிக்க ஆரம்பித்ததிலிருந்து இந்தத் தடம் எனக்கு வேறு மாதிரி தெரிகிறது.

ஏறும் இடத்திலேயே விஷயம் ஆரம்பமாகிவிடுகிறது. நடனக் கலைஞர் உதய் சங்கர் தன் 'கல்பனா' படத்தை எடுத்தது இங்கிருந்த ஜெமினி ஸ்டூடியோவில், 1948-ல் வெளிவந்தது. அதற்குக் கால் நூற்றாண்டு முன்பு, 1923-ல், லண்டனில் ரஷ்ய பாலே நர்த்தகி அன்னா பாவ்லோவா ராதையாக ஆட, இவர் கிருஷ்ணராக ஆடினார். ஸ்டூடியோ போய்விட்டது, பெயர் நிற்கிறது.

மயிலாப்பூரில் வண்டி ஊர்ந்துதான் போகும். சபா மேடைகளில் ஆர். எஸ். மனோகரின் 'இலங்கேஸ்வரன்' பார்த்தவர்கள் இன்னமும் அந்தக் காட்சி ஜோடனைகளைத்தான் முதலில் சொல்வார்கள், வசனத்தை அப்புறம். அதற்கும் முந்தைய கம்பெனி நாடகங்களில் தர்பார், காடு, தெரு, நந்தவனம் என்று படுதாக்கள் தயாராக இருக்கும். எந்தக் கதை வந்தாலும் அவற்றையே இறக்குவார்கள். பசையில் குழைத்த பொடிச் சாயம், ஊர் ஊராகச் சுருட்டி விரித்தால் எத்தனை நாள் தாங்கும்? மடிப்பில் வெடித்து உதிரும். உதிர்ந்த இடத்தில் இன்னொருவர் தீட்டுவார். கை படாத மூலம் என்று ஒன்றை மேடை ஓவியத்தில் தேடுவதே வீண். அது எழுதப்படுவதே மறுபடியும் எழுதப்படுவதற்காகத்தான். பிரதி என்றாலே மட்டம் என்று நினைப்பவர்களோடு எனக்குள்ள வழக்கு இதுதான்.

திரு.வி.க. பாலத்தைத் தாண்டியதும் இடப்பக்கம் பிரம்மஞான சபையின் தோப்பு. ரஷ்ய ஓவியர் நிக்கோலஸ் ரோரிக் 1925-ல் இங்கே வந்து, 'தூதர்' என்ற தன் ஓவியத்தைச் சபைக்குக் கொடுத்தார். சபையை நிறுவியவர்களில் ஒருவரான ப்ளாவட்ஸ்கி அம்மையாரின் நினைவாக வரவிருந்த அருங்காட்சியகத்துக்கு அது முதல் காணிக்கை. அவரை இமயமலை ஓவியராக அறிந்தவர்கள் நம்மில் உண்டு. 1913 மே 29 அன்று பாரிஸில் கூச்சலும் குழப்பமுமாக அரங்கேறிய 'வசந்தத்தின் சடங்கு' பாலேவுக்குப் படுதாவும் உடையும் வரைந்து கொடுத்தவர் அவர்தான் என்பது இங்கே அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. இசை ஸ்ட்ராவின்ஸ்கி, நடனம் நிஜின்ஸ்கி. முதல் அங்கத்துக்குப் பச்சைக் குன்றுகள், இரண்டாம் அங்கத்துக்கு இரவு. ஆடுபவர்களின் கம்பளி உடைகளில் வட்டமும் கோடுமாக ஆதிகாலத்துச் சின்னங்கள்.

சில முறை மேடையேறியதோடு அந்த நடனம் நின்றுபோனது. 1920-ல் மசீன் என்பவர் அதே இசைக்கு வேறு நடனம் அமைத்தார். நிஜின்ஸ்கி அமைத்தது மறந்தே போயிற்று. மிலிசென்ட் ஹாட்சன் என்ற நடன அமைப்பாளரும் கென்னத் ஆர்ச்சர் என்ற கலை வரலாற்றாளரும் பல ஆண்டுகள் அலைந்து அதைத் திரட்டினார்கள். ரோரிக்கின் வரைபடங்கள், எஞ்சிய உடைகள், பார்த்தவர்கள் அன்று கிறுக்கி வைத்த கோட்டோவியங்கள், இவைதான் ஆதாரம். 1987-ல் ஜாஃப்ரி பாலே குழு அதை ஆடியபோது படுதாவும் உடையும் ரோரிக் வரைந்தபடியே புதிதாக உருவாகியிருந்தன. அசைவைத் திரட்டியதைப் போலவே வண்ணத்தையும் திரட்டினார்கள். பின்னால் அந்தப் பச்சை இல்லாவிட்டால், அந்த உடம்புகள் ஏன் அப்படிக் குனிந்து மிதிக்கின்றன என்பது விளங்காது. உடல், உடை, நிலம் மூன்றையும் ஒன்றாக நினைத்துச் செய்த வேலை அது.

அடையாறில் இறங்கித் திருவான்மியூருக்கு ஆட்டோ பிடித்தேன். கலாக்ஷேத்ராவின் வேரிலும் பாலே இருக்கிறது. பாவ்லோவாவின் ஆட்டத்தைக் கண்டு மயங்கிய ருக்மிணி தேவி, பிறகு ஆஸ்திரேலியா போகும் கப்பலில் அவரோடு பழகி, அவர் குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டியிடம் பாலே கற்றார். உன் நாட்டுக் கலையைத் தேடு என்று பாவ்லோவா சொன்னதைப் பிடித்துக்கொண்டு, 1935-ல் பிரம்மஞான சபையின் வைர விழாவில் பரதம் ஆடினார். அடுத்த ஆண்டே பள்ளி. உடை, நகை, பின்திரை, விளக்கு என்று மேடையின் ஒவ்வொரு அங்குலத்தையும் அவர் யோசித்த விதத்தில் அந்த ரஷ்யப் பாடம் தெரிகிறது என்பது என் எண்ணம்.

அங்கே கைவினைப் பிரிவில் கலம்காரி வேலை நடக்கிறது. கடுக்காயும் பாலும் ஏற்றிக் காயவைத்த துணி. மூங்கில் குச்சி நுனியில் சுற்றிய கம்பளி. இரும்புத் துண்டும் வெல்லமும் ஊறிய நீரில் அதைத் தோய்த்து, விரலால் லேசாக அழுத்திக்கொண்டே கோடு இழுத்தார் ஒருவர். தொட்ட மாத்திரத்தில் சாம்பல் நிறம், பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுப்பு. "ஒரே மாதிரி இன்னொண்ணு போட வருமாண்ணே?" என்று கேட்டேன். "படம் அதேதான் சார். கோடு மட்டும் அன்னிக்குக் கை எப்படியோ அப்படி" என்றார் தலைநிமிராமல். ரோரிக்கின் படுதாவைத் திரும்ப எழுதியவர்களும் இதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

ஒரு ஆசை இருக்கிறது. ரோரிக்கின் அந்தப் பச்சைக் குன்றுகளை இந்த ஊரில் ஒருமுறை முழு அளவில் எழுத வேண்டும். கையகல வரைபடத்தில் கட்டம் போட்டு மேடையகலத்துக்குப் பெருக்கத் தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள்: அண்ணா சாலையில் சினிமா பேனர் எழுதியவர்கள். டிஜிட்டல் பேனர் வந்து அவர்கள் தொழிலைக் கொண்டுபோன பிறகு, 2009, 2010 வாக்கில் மாநகராட்சிச் சுவர்களில் அவர்கள் வரைந்த ஓவியங்களைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கைகளின் பலம் தெரியும். காடாத் துணியை இழுத்துக் கட்டி, சாரம் போட்டு, வானத்திலிருந்து ஆரம்பித்துக் கீழே வந்தால் போதும். வரைந்தவர் வந்துபோன அடையாறிலேயே அதைத் தொங்கவிடலாம். பேனர் எழுதிய தலைமுறைக்கு வயதாகிறது. கேட்பதானால் இப்போதே கேட்க வேண்டும்.